லென்சுக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் மணிமாறன் கோபம் வந்தால் கத்த மாட்டார். வாயையே திறக்க மாட்டார். கத்தினால்கூடப் பரவாயில்லை, நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்வேன்.

மதகடிப்பட்டில் என் மளிகைக் கடைக்குப் பக்கத்திலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பார். ஏணியில் ஏறினாலே தலைசுற்றும் ஆள். அவரைப் போய், புதுச்சேரி நகரத்தை விமானத்திலிருந்து படம் எடுக்கச் சொன்னாள் ஸ்டெல்லா. அவரோடு தொழில் கற்றவள். இப்போது டவுனில் பெயர்பெற்ற போட்டோகிராபர். ஒரு கம்பெனிக்காக அவள் ஒப்புக்கொண்ட வேலை அது. காய்ச்சலில் படுத்துவிட்டாள். “மணி எடுப்பாரு, நான் பொறுப்பு” என்று கம்பெனிக்காரர்களிடம் சொல்லி, தன்னுடைய பெரிய டெலி லென்சையும் கொடுத்தனுப்பினாள். ஒரே ஒரு தடவைதான் பறக்கலாம். சொதப்பினால் கெடுவது அவள் பெயர்.

லென்ஸ் வந்த அன்று ஆயுத பூஜை. தராசு, கல்லாப்பெட்டி, வண்டி, கேமரா என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நான்தான். லென்சுக்கு மூடி போட்டிருந்தது. மூடியின் மேல் வைத்தால் மூடிக்குத்தானே பூஜை? அதைக் கழற்றி, கண்ணாடியின் நடுவில் மிளகளவு ஒரு பொட்டு வைத்தேன். காய்ந்ததும் மூடிவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

மறுநாள் காலையில் பறந்தார். உயரத்துக்குப் பயந்து, கேமராவிலிருந்து கண்ணையே எடுக்கவில்லையாம். இறங்கி லென்சைத் துடைக்கும்போதுதான் பொட்டைப் பார்த்திருக்கிறார்.

நேராகக் கடைக்கு வந்து, லென்சை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏங்க, படத்துல வுழுந்திருக்கான்னு கேமராவுல பாத்தீங்களா?”

“தம்மாத்தூண்டு ஸ்க்ரீன்ல இன்னாடி தெரியும்?”

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். எப்படியும் என்னைத்தான் மாட்டிவிடுவார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன்.

“லென்ஸ்ல கறை இருந்துச்சு ஸ்டெல்லா. பாக்காம போனது என் தப்பு” என்றார். என் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“மொதல்ல படத்தப் பெருசு பண்ணிப் பாருப்பா” என்றாள் அவள்.

பார்த்தோம். கலங்கரை விளக்கம், கடற்கரைச் சாலை, மொட்டை மாடியில் துணி உலர்த்தும் ஒரு பெண். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். எதிலும் கறை இல்லை. கடைசிப் படம் வரைக்கும் இல்லை.

“எனக்குத் தெரியும்” என்று இருமிக்கொண்டே சிரித்தாள் ஸ்டெல்லா. “அது தூரமா இருக்கறதப் பாக்கற லென்ஸுபா. மேல ஒட்டிக்கினு இருக்கற சின்னக் கறை படத்துல வுழாது.”

அவர் அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. போனை வாங்கினேன்.

“ஸ்டெல்லா, அது கறை இல்ல, சந்தனம். வெச்சது நான்.”

அவள் சிரித்து ஓய்ந்து போனை வைத்ததும், “இன்னாத்துக்குடி அவகிட்ட சொன்ன? நான்தான் ஏத்துக்கினனே” என்றார்.

“அதனாலதான் சொன்னேன்” என்றேன்.