ஸ்டெல்லா கத்திய ஒரே சொல்

மூலக்குளத்தில் மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சேகர் போன் செய்தார். "அக்கா, ஸ்டெல்லா ஆத்தோட போயிட்டா" என்றார். சேகர் அவளுடைய கணவர். அவள் அதே கடையில் என்னோடு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள். "இன்னாபா சொல்ற? மழதான் வுட்டுடுச்சே!" என்று கத்தினேன். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

கடைக்கு வந்து அவளை அறிந்த உங்களுக்கு அவள் பேச்சு தெரியும். ஒரு வார்த்தைக்கு மேல் வராது. மாத்திரையை நீட்டி "சாப்ட்டு" என்பாள்; சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று அர்த்தம். ஒரு பெரியவர் "இங்கயேவாம்மா?" என்று கேட்டு அப்படியே விழுங்கிவிட்டார்! "நாலு வார்த்த சேத்துப் பேசினா வாய் தேஞ்சா பூடும்?" என்று திட்டினேன். "புரியும்க்கா" என்று சிரித்தாள்.

அந்தப் புயல் மழையில் மேற்கே மலை சரிந்தது. தென்பெண்ணை செம்மண் குழம்பாகி, வேரோடு பிடுங்கிய மரங்களை உருட்டிக்கொண்டு அவர்கள் ஊரான குருவிநத்தத்துக்கு வந்தது. வெள்ளத்தில் வரும் மரத்தைக் கயிறு வீசி விறகுக்கு இழுப்பது அந்த ஊர் வழக்கம். மழை விட்ட காலையில் சேகரும் தெரு ஆட்களும் கரையில் நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஊறிய கரை நீளமாக வெடித்திருந்ததை அவள்தான் பார்த்தாள்.

"எறங்குது! எறங்குது!" என்று கத்தினாள்.

விடிந்ததிலிருந்து ஊரே கேட்கக் காத்திருந்த சொல் அது. அவள் சொன்னது மண்ணை. அவர்கள் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ விசில்கூட அடித்தார்களாம். "எறங்கட்டும் வுடு, நீயும் வந்து கயிறு புடி" என்று சேகர் திரும்பாமலே சொல்லியிருக்கிறார். அவள் வெடிப்பைத் தாண்டி ஓடி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் தள்ளினாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் சிதறி ஓடினார்கள். கரை அவளோடு சேர்ந்து போய்விட்டது.

எனக்கு அவள் மேல் இன்னும் கோபம்தான். கரை என்று சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா, பாவி!

ஆறு அவளை இன்னும் திருப்பித் தரவில்லை. இன்று மறுபடி வானம் கறுத்திருக்கிறது, புயல் என்கிறார்கள். சேகர் வீட்டின் பின்சுவரை ஒட்டியே இப்போது ஆறு ஓடுகிறது. "எங்க வூட்டுக்கு வந்துடுபா" என்று காலையில் போனில் கெஞ்சினேன்.

"அவ இன்னும் கெடைக்கலியேக்கா. நான் எப்டி வரது?" என்றார்.

குருவிநத்தம் போகப் பாகூர் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: சொல்லிக் கேட்காத ஆளைச் சட்டையைப் பிடித்து இழுப்பது.