நடைவழியில் சரிந்த புத்தகங்கள்

பேருந்து ஓட்டுநர் அவர். வண்டி திரும்பும் இடத்தில் ஒரு பழைய புத்தகக் கடை. அடுத்த நடைக்கு நேரமாவதற்குள் ஒன்றிரண்டை வாங்கிவிடுவார். படிக்கத்தான் பொழுது வாய்க்காது. "ரிட்டயர் ஆனதும் உக்காந்து படிப்பேன்" என்பார். அலமாரி நிறைந்து, கட்டிலடி நிறைந்து, கடைசியில் குளியலறைக்குப் போகும் ஒடுங்கிய நடைவழியில் சுவரோரமாகத் தலைக்கு மேல் ஏறிவிட்டன. உடன் வசித்த அக்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

அன்று மதியம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது குளியலறைக்குள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நடைவழியில் புத்தகங்கள் இடுப்பளவு சரிந்து கிடந்தன. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. அசைய இடமில்லை.

"அக்கா, என்னாச்சு?"

"கதவச் சாத்துனேன், மொத்தமும் விழுந்துடுச்சு. இன்சுலின் போட்டுட்டுக் குளிக்க வந்தேன்டா. இன்னும் சாப்பிடல. கை நடுங்குது."

ஊசி போட்டுச் சாப்பிடாமல் ஒருமுறை அக்கா விழுந்து, மருத்துவமனை வரை போயிருந்தார்கள். இரண்டு கையாலும் புத்தகங்களை வாரிப் பின்னால் எறிந்தார். எடுக்க எடுக்க மேலிருந்து இன்னும் சரிந்தன.

"பேசிக்கிட்டே இரு, அக்கா."

"என்னத்தப் பேச?"

"என்னையத் திட்டு."

திட்டினார். பிறகு வார்த்தைகள் குழறின. பிறகு சத்தமே இல்லை.

கதவு ஒரு சாண் திறந்ததும் அடுப்படிக்கு ஓடிச் சர்க்கரையை அள்ளி வந்தார். அக்கா கதவருகே சுவரில் சாய்ந்து சரிந்திருந்தார். இடுக்கில் கையை நுழைத்து, விரலில் ஒட்டிய சர்க்கரையைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தார். திரும்பத் திரும்பத் தேய்த்தார். நாக்கு மெல்ல அசைந்தது. பிறகு அக்கா விரலைக் கடித்தார். நன்றாக வலித்தது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சாப்பிட்டுத் தெளிந்தபின் அக்கா கேட்டார்: "இதுல ஒரு பத்து புத்தகமாவது படிச்சிருப்பியா?"

"பத்தெல்லாம் இருக்காதுக்கா."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் நடைவழிப் புத்தகங்களைச் சாக்குகளில் கட்டி அதே கடையில் இறக்கினார். "பிரிக்கவே இல்லையேண்ணே" என்றார் கடைக்காரர். ஓட்டுநர் தலையாட்டிவிட்டு வண்டிக்குத் திரும்பினார். குளியலறைக் கதவை உட்புறம் திறக்கும்படி தச்சரை வைத்து மாற்றினார்.

வாங்குவது நின்றதா என்றால், சில மாதம் நின்றது.