தம்பிக்கு ஓர் இடம்

பள்ளிக்கூட வான் வருவதற்கு முன்னால் அம்மா தம்பியைக் குளியலறை வாசலில் கதிரை போட்டு இருத்தி, தோளில் துவாயைப் போர்த்தி, அவனுடைய மீசையை மழித்துவிடுவார். ஒரு கையால் நாடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரேஸரை மெதுவாக இழுப்பார். தம்பி கண்களை இறுக்கி மூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு இருப்பான். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அம்மாவின் வீடு. ரயில் போனால் யன்னல் கண்ணாடிகள் அதிரும். அது அடங்கும்வரை அம்மா ரேஸரைத் தூக்கிப் பிடித்திருப்பார். பிறகு முகத்துக்குப் பவுடர், வெள்ளைச் சேர்ட், நீலக் களிசான். தம்பிக்கு அப்போது இருபது வயது கடந்திருந்தது.

ஒருநாள், தன் சின்ன மகளை வானில் ஏற்ற வந்த ஒரு பெண் தம்பியைப் பார்த்துவிட்டு, "இவர் புதுசா படிப்பிக்க வந்த சேரோ?" என்று அம்மாவிடம் கேட்டாளாம். கல்யாணமாகி வேறு வீட்டில் இருந்த எனக்கு அம்மா அதைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சில நாட்களில் பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர் எங்கள் இருவரையும் வரச்சொன்னார்.

தம்பி டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவன். கொஞ்சமாகக் கதைப்பான், எல்லாவற்றையும் காதில் வாங்குவான். சிறுவயதிலிருந்தே விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளிக்கூடம்தான் அவனுக்கு எல்லாம். பெரிய டீச்சர் எங்களுக்குத் தேநீர் தந்துவிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "தம்பி வளந்திட்டான். நாங்களும் பாத்தும் பாக்காத மாதிரி இவ்வளவு காலம் வைச்சிருந்தம். இது சின்னப் பிள்ளையள் வாற இடம். இனி அவனுக்குப் பெரியாக்களோட இருக்கிற இடமொண்டு பாக்க வேணும், அம்மா. வருஷம் முடியிறதுக்குள்ள ஒழுங்கு செய்யுங்கோ." அம்மா தேநீரைத் தொடவில்லை. அதே காலத்தில்தான் அவனுடைய இருதயத்தைப் பார்த்துவந்த சிறுவர் ஆஸ்பத்திரியும் அவனைப் பெரியவர்களின் கிளினிக்குக்கு மாற்றியது. அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது. வரிசையில் முன்னால் நின்ற கிழவருக்கு இருமல் வந்தபோதெல்லாம் அவன் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

இடம் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கொள்ளுப்பிட்டியில் வங்கியொன்றில் எனக்கு வேலை. மதிய இடைவேளைகளில் ஒவ்வொரு இடமாக அழைத்துக் கேட்டேன். பெரும்பாலானவை பிள்ளைகளுக்கானவை. வயதைச் சொன்னதும் மறுமுனையில் குரல் தணிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் பெரியவர்கள் பகலில் வந்து கடதாசிப் பை ஒட்டும் இடமொன்று இருந்தது. தம்பிக்கு அது பிடித்தது. ஆனால் புறக்கோட்டையில் பஸ் மாறிப் போய்வர வேண்டும். அம்மாவின் முழங்கால்கள் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பிறகுதான் களனிக்கு அப்பால் உள்ள ஓர் இல்லத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெரியவர்கள் தங்கியிருந்து, தோட்ட வேலையும் பொதிகட்டும் வேலையும் செய்யும் இடம்.

அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நான் இருக்குமட்டும் என்ர பிள்ளையை நான் பாப்பன்."

"அதுக்குப் பிறகு?"

"நீ இருக்கிறாய்தானே."

அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. பொழுது விடியும் என்பதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஹெவ்லொக் டவுனில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு இரண்டே அறைகள். கணவரும் நானும் ஒன்றில், மகள் ஒன்றில். தம்பியை எங்களோடு வைத்திருப்போமா என்று என் கணவரிடம் நான் கேட்டதேயில்லை. அவர் மறுத்துவிடுவார் என்ற பயத்தால் அல்ல. இளகிய மனசுக்காரர், கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தால்தான்.

அதற்குப் பதிலாக அம்மாவிடம் நல்ல நல்ல வார்த்தைகளைச் சொன்னேன். தம்பி சொந்தக்காலில் நிற்கப் பழக வேண்டும், அவனுக்கும் நண்பர்கள் வேண்டும், அவனைக் குழந்தையாகவே வைத்திருப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் நான் நம்பினேன். ஆனாலும் அவற்றைச் சொல்லும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய நல்ல உடுப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்த வாதமெல்லாம், எங்கள் வீட்டில் இடமில்லை என்று நான் ஒருமுறை சொன்னது உட்பட, அம்மா வீட்டின் குசினியில் நடந்தது. பக்கத்து அறையில் தம்பி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கும் என்பதை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

மாதக்கணக்கில் இழுபட்ட பிறகு அம்மா "போய்ப் பாக்கிறதில என்ன" என்ற இடத்துக்கு வந்தார். மூவருமாகப் போனோம். இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் ஒரு சிங்களப் பெண். வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர். மரியாதைச் சொற்களை மட்டுமே சொல்லிக்கொடுத்த வகுப்போ என்னவோ, எல்லாருக்கும் அவரிடம் ஒரே 'நீங்கள்'தான். அவன் என்ன சாப்பிடுவான், எப்போது பயப்படுவான், என்ன மருந்து என்றெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே போனார். நான் இடையிடையே திருத்தினேன். மிஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கதிரையைத் திருப்பி, தம்பியைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன விருப்பம்? நீங்கள் சொல்லுங்கள்."

தம்பி திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அவனை 'நீங்கள்' என்று அழைத்ததில்லை. தன்னைத்தான் கேட்கிறார் என்று விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சேர்ட்டின் நுனியைத் திருகிக்கொண்டே கேட்டான்:

"அம்மா செத்தா நான் எங்க இருக்கிறது? அக்கா வீட்டில இடமில்லை."

அம்மாவின் கை தம்பியின் முழங்காலில் கிடந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். 'அப்படியில்லை' என்று சொல்லத்தான் நினைத்திருப்பேன். ஆனால் அது அப்படித்தான். அவன் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னான். மிஸ் எங்கள் பக்கம் பார்க்காமலே, "இங்கே இருக்கலாம்" என்றார்.

"அம்மா இருக்கேக்கையும் இருக்கலாமோ?"

"இருக்கலாம். அம்மாவிடம் போய் வரலாம்."

"அப்ப சரி" என்றான் தம்பி.

அவ்வளவுதான். நாங்கள் அத்தனை மாதம் குசினியில் முட்டிமோதிக்கொண்ட விஷயத்தை அவன் ஒரு மூச்சில் முடித்துவிட்டான். திரும்பி வரும்போது அம்மா அழவில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட வந்ததும், "நாங்கள் அவனை ஒண்டும் கேக்கேல்லை, என்ன பிள்ளை?" என்று மட்டும் சொன்னார்.

அவன் அங்கே போன முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் மகளும் கடற்கரைக்குப் போனோம். அவன் எங்கே நிற்கிறான், தண்டவாளத்துப் பக்கம் போய்விட்டானோ என்று நிமிடத்துக்கொரு தடவை திரும்பிப் பார்க்காமல் நான் கடலைப் பார்த்தது அன்றுதான். மகள் ஏதோ சொன்னாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் காதில் விழுந்த பிறகுதான் அவன் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து இல்லத்துக்கு அழைத்தேன். அவன் பந்து விளையாடுகிறான், பிறகு பேசுகிறானாம் என்றார்கள். நிம்மதியாக நித்திரை கொண்டேன். காலையில் எழும்பியபோது அந்த நிம்மதியே உறுத்தியது.

அவன் அங்கே நன்றாக இருக்கிறான். இதைக் குற்றவுணர்ச்சியை மறைப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே நன்றாக இருக்கிறான். சிங்களம் எங்களைவிட நன்றாகப் பேசுகிறான். அவனுக்குப் பின் வந்து சேர்ந்த ஒருவன் அவனை 'அய்யே' என்று கூப்பிடுகிறான். பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் தம்பியாகவே இருந்தவன் இப்போது ஒருவனுக்கு அண்ணன். இதை அவன் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவனுடைய வாழ்க்கையை இவ்வளவு காலம் தள்ளிப்போட்டோமே என்றும் உறுத்துகிறது, ஏன் இவ்வளவு லேசாக அனுப்பினோம் என்றும் உறுத்துகிறது. ஒன்று மற்றதை ஆற்றவில்லை. உறவினர்கள் என்னைப் புகழ்கிறார்கள். "உன்னைப்போல அக்கா கிடைக்கக் குடுத்துவைக்க வேணும்" என்கிறார்கள். அம்மாவும் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்.

மாதக் கடைசியில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவான். ஞாயிறு பின்னேரம் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். போன முறை களனிப் பாலத்தில் வாகனங்கள் அசையாமல் நின்றன. நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"தம்பி, அங்க உனக்குப் பிடிச்சிருக்கோ?"

"ஓம்."

கொஞ்சம் பொறுத்து, "அக்காவுக்கு?" என்றான்.

இல்லத்தில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். யாராவது ஒன்று கேட்டால் பதில் சொல்லிவிட்டுத் தானும் திருப்பிக் கேட்க வேண்டும். சாப்பிட்டாயா என்றால் நீங்க சாப்பிட்டீங்களா என்பான். அந்த மரியாதைக்குத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"எனக்கென்ன?"

"நான் அங்க இருக்கிறது. அக்காவுக்குப் பிடிச்சிருக்கோ?"

முன்னால் ஒரு லொறி இயந்திரத்தை நிறுத்தியிருந்தது. வேறு பதில் ஒன்றை யோசித்துச் சொல்லப் போதுமான நேரம் இருந்தது.

"ஓம்" என்றேன்.

"நல்லது" என்றான், மிஸ்ஸின் தமிழில். பிறகு கண்ணாடியை இறக்கி, பாலத்துக்குக் கீழே ஆற்றைப் பார்க்கத் தொடங்கினான்.