மூன்றாவது புள்ளி

யுத்தக் காலம். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பாமன்கடையில் கணித டியூஷன் முடிந்து வெள்ளவத்தைக்கு நடந்து வரும்போது, சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் என் பையிலிருந்த வரைபுத்தாளை விரித்தார். ஒன்றையொன்று வெட்டும் கோடுகள், புள்ளிகள், எண்கள்.

"மே மொன பாரவல்த?" இவை எந்த வீதிகள் என்று கேட்டார்.

"கணன், சேர்" என்றேன், கணக்கு என்று. அதற்குமேல் எனக்குச் சிங்களம் வரவில்லை. அவர் ஏதோ சொன்னார்.

"ஒண்டு கீறிக் காட்டட்டாம் பிள்ளை, பயப்பிடாதை" என்றார் வரிசையில் பின்னால் நின்ற அன்ரி.

2y − 4x = 6 என்று எழுதி, y = 2x + 3 என்று மாற்றினேன். y அச்சில் வெட்டுத்துண்டு 3, அங்கே முதற்புள்ளி. x ஒன்றானால் y ஐந்து. இரண்டையும் இணைத்துக் கோடு கீறினேன். சரிபார்க்க மூன்றாவது புள்ளி வேண்டும் என்பது டீச்சரின் கண்டிப்பு. x = −1க்கு வைத்தேன். அது கோட்டில் விழாமல் எங்கோ தள்ளி நின்றது. பொய் சொல்லிப் பிடிபட்டவள்போல எனக்கு வியர்த்தது.

சிப்பாய் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"மகெத் ஹரிகியே நே." தனக்கும் பள்ளிக்கூடத்தில் சரிவரவில்லையாம். பிறகு, "ஹெமின் கரன்ன" என்றார். ஆறுதலாக, அவசரப்படாமல் செய் என்று.

மறுபடி பார்த்தேன். பதற்றத்தில் y-ஐக் கணிக்கும்போது கழித்தல் குறியை விட்டு, 1 வரவேண்டிய இடத்தில் 5 என்று வைத்திருந்தேன். அழித்துவிட்டு வைத்தபோது புள்ளி கோட்டிலேயே அமர்ந்தது. அவர் தாளைக் கசக்காமல் மடித்துத் தந்தார்.

அதே சாவடியில் பிறகொருநாள் என் அண்ணாவை முழுநாளும் மறித்து வைத்திருந்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை ஏதாவது பிழைத்துப்போனால், "ஹெமின்" என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒரு சொல் எனக்குத் தமிழில் வருவதில்லை.