ஐந்தரைக்கு முன் அரைத்த சட்னி

இடது கை மோட்டாரின் நடுவே சுழலும் ஆர்மேச்சரைத் திருப்பிப் பிடிக்க, வலது கை செம்புக் கம்பியை ஒரு பள்ளத்தில் இறக்கி எதிர்ப்பள்ளத்தில் ஏற்றியது. ஒரு சுற்று. கம்பி தளர்ந்தால் ஓடும்போது ஆடும். இழுத்துப் பிடித்தால் மேற்பூச்சு உரியும். இரண்டுக்கும் நடுவே ஓர் இறுக்கம் உண்டு, அது விரலுக்குத்தான் தெரியும். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. உதடு அசையவில்லை. எண்ணிக்கை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்க, காது வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மேசையின் அந்தக் கோடியில் ரேடியோப் பெட்டி. அதன் ஸ்பீக்கரிலிருந்து நீளமும் குறுக்கமுமாய் மோர்ஸ் தந்தி ஒலி, விடிகாலை மரத்துக் குருவிகளைப் போல. பல்கேரியாக்காரர் ஒருவர் அழைக்கிறார். ஃபின்லாந்துக்காரர் பதில் சொல்கிறார். இத்தாலிக்காரர் குறுக்கே புகுகிறார். சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி. திருச்சிப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வானொலி அலை போக வழி அகலத் திறந்து கிடக்கிற நேரம். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்தக் கைகள் மோர்ஸ் தட்டும் சாவியின் மேல் இருந்திருக்க வேண்டும். மிக்ஸி மோட்டாரின் மேல் இருந்தன.

கைகளுக்குச் சொந்தக்காரர் பெயர் மலர்க்கொடி. வயது நாற்பத்தெட்டு. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்தில் மாடி வீடு. திருச்சி டவுனில் உள்ள ஏழெட்டு ரிப்பேர் கடைகளிலிருந்து எரிந்த ஆர்மேச்சர்கள் அவரிடம் வரும். எரிந்த கம்பிச் சுருளை எடுத்துப் புதுக் காயில் கட்டித் திருப்பி அனுப்புவார். பதினொரு வருஷத்துக்கு முன்பு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. அது, பொழுதுபோக்காக உலகத்தோடு பேசுகிறவர்கள் வைத்திருக்கும் அமெச்சூர் வானொலிப் பெட்டி ஒன்றினுடையது. கட்டி முடித்துப் பெட்டியில் வைத்துச் சோதித்தபோது, எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் தட்டுவது கேட்டது. கேட்டது அவ்வளவுதான். கைபேசியில் ஒரு மோர்ஸ் பயிற்சியை இறக்கிக்கொண்டு, காயில் சுற்றிக்கொண்டே எழுத்துகளைப் படித்தார். லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை ஜெயித்தார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் கணவர் நல்லதம்பிதான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்பக்கத் தென்னை வரைக்கும் ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டினார். "ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிக்குக் கொடிக்கம்பி கட்டித் தராங்க. நானும் கட்டினேன். ஒரு துண்டு காயப்போட விடமாட்டேங்கிறா" என்று ஷிப்டில் சொல்லிச் சிரிப்பார்.

போட்டி எளிதானது. முகம் தெரியாத ஒருவரை அழைக்க வேண்டும். அவருடைய அடையாள எழுத்துகளை நாம் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும், நம்முடையதை அவர். ஒலி எப்படிக் கேட்கிறது என்பதற்கு ஓர் எண், எந்த மண்டலம் என்பதற்கு ஓர் எண். கடைசியில் 'டி, யு'. நன்றி என்பதன் சுருக்கம். ஒரு நீளம், இரண்டு குறுக்கம், ஒரு நீளம். பத்து விநாடியில் எல்லாம் முடிந்து அடுத்த ஆள். நாற்பத்தெட்டு மணி நேரம் இப்படியே. ஓர் எழுத்து பிசகினாலும் அந்தத் தொடர்பு அடிபடும், அபராதமாக மேலும் சில புள்ளிகள் போகும். உலக நேரப்படி நள்ளிரவில் தொடங்குவது நம் ஊருக்கு விடிகாலை ஐந்தரை.

மலர்க்கொடிக்கு அந்த வருஷம் ஒரே ஒரு ஆசை. ஆயிரம் தொடர்பு. முந்தின வருஷம் எண்ணூற்று எழுபதில் நின்றுவிட்டார்.

எழுத்து பிசகாமல் இருக்க இரைச்சல் இருக்கக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே போட்டியில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை பெட்டியில் ஒரே கர்ர் சத்தம். மிக்ஸி மோட்டாரின் தீப்பொறி ரேடியோவில் அப்படித்தான் கேட்கும். ஜப்பான்காரர்கள் எல்லாம் அதற்குள் மூழ்கிப் போனார்கள். ஒரு தடவை கீழே இறங்கி, கீழ் வீட்டு ராக்கம்மாளிடம், "அக்கா, இப்ப மிக்ஸி ஓடுச்சா?" என்று கேட்டார்.

"ஓடுது. ஏன், மேல கரண்டு இழுக்குதா?"

"இல்லக்கா. சும்மாத்தான் கேட்டேன்."

ராக்கம்மாள் அம்மா மண்டபப் படித்துறைக்குப் போகும் வழியில் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். காலை வியாபாரமே அவர் பிழைப்பு. மிக்ஸியை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் சொல்வது? மலர்க்கொடி மேலே போய்விட்டார். அந்த வருஷமே ஃபெரைட் என்கிற காந்தப்பொருள் வளையத்தில் கம்பி சுற்றி, ஏரியலில் மாட்ட ஓர் இரைச்சல் தடுப்பான் செய்தார். மற்ற நாள் காலைகளில் அவர் பெட்டியைப் போடுவதில்லை. அடுத்த போட்டியில் காலை நேரம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதற்கடுத்த வருஷமும். நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் வரைபடம் கேட்டார்கள். கொடுத்தார். சென்னையில் மூன்று பேரும் பெங்களூரில் ஒருவரும் அதேபோலச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றார்கள். "சுத்துக்குச் சுத்து இடைவெளி ஒண்ணா இல்லீங்க. கைப்பக்குவம் வரணும்" என்று பதில் போட்டார் மலர்க்கொடி.

இந்தச் சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு, காது போனை மாட்டப் போகும்போது, வார்னிஷ் கருகும் வாடை அடித்தது. பத்துத் தெருவுக்கு அப்பால் ஒரு மோட்டார் எரிந்தாலும் கண்டுபிடிக்கிற மூக்கு அது. ஆனால் அவர் அறையில் எந்நேரமும் ஒரு டஜன் எரிந்த ஆர்மேச்சர்கள் கிடக்கும். அந்த வாடைதான் என்று விட்டுவிட்டார். ஐந்தரைக்குப் போட்டி தொடங்கியது. மதியம் ஒரு மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆயிரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கால் மரத்துப்போக, மோர் குடிக்கலாம் என்று கீழே இறங்கினார். ராக்கம்மாள் பின்கட்டில் அம்மியின் முன்னால் உட்கார்ந்து, வறுத்த மிளகாயும் மல்லியும் அரைத்துக்கொண்டிருந்தார். புறங்கை வீங்கியிருந்தது.

"என்னக்கா இது? அம்மி எதுக்கு?"

"சும்மா. வாசனையா இருக்குமேன்னு."

"நாளைக்குக் கைலாசபுரத்து வளைகாப்புக்கு நூத்தம்பது பேருக்குக் கலவை சாதம்னீங்களே. அதுக்கா அம்மி? அம்மியில அரைச்சு முடிக்கிறதுக்குள்ள குழந்தையே பொறந்துரும்."

ராக்கம்மாள் சிரிக்க முயன்றார். அப்போதுதான் அந்த வாடை மறுபடி வந்தது. மலர்க்கொடி நேராக அடுப்படிக்குள் போய், கடைகளில் வைத்திருப்பது போன்ற அந்தப் பெரிய மிக்ஸியை முகர்ந்து பார்த்தார்.

"எப்ப எரிஞ்சது?"

"காலையில அஞ்சு மணிக்கு. நாலுலேருந்து நாலே முக்கா வரைக்கும் கரண்டு இல்ல மலரு. அப்புறம் வந்துச்சு. கையில இருந்தது முக்கால் மணி நேரம்தான். நிறுத்தாம ஓட்டிட்டேன்."

"அஞ்சு நிமிஷம் ஓடினா அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! என்ன அவசரம்? எப்பவும் ஆறு மணிக்கு மேலதானே அரைப்பீங்க?"

ராக்கம்மாள் குழவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மத்த நாள்ல ஆறு. ஒன் போட்டி நடக்குற ரெண்டு நாளும் அஞ்சரைக்கு முன்னாடியே அரைச்சு எடுத்து வச்சுருவேன். அன்னிக்கு வந்து கேட்டியே, மூஞ்சி செத்துப்போயி. எனக்கென்ன புரியாதா?"

"மூணு வருஷமாவா?"

"சட்னி சீக்கிரம் புளிக்கும். அதனால என்ன? அந்த ரெண்டு நாளும் சட்னி புளிச்சப்புறம் பொடியும் எண்ணெயும் வச்சுக் கொடுப்பேன். ஜனங்க சாப்புடத்தான் செய்யுது."

மலர்க்கொடி படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷமாகத் தன் கைவேலை என்று நம்பிய அமைதி. வரைபடம் போட்டுக் கொடுத்த அமைதி. அது இந்த அடுப்படியிலிருந்து வந்திருக்கிறது.

சிங்காரத்தோப்பில் உதிரி பாகக் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீமுக்குப் போன் செய்தார். "அந்த மாடல் ஆர்மேச்சர் இங்க கிடையாதும்மா. கோயம்புத்தூர்லேருந்து வரணும். செவ்வாய்க்கிழமை தரேன், பரவாயில்லையா?"

"வளைகாப்பு நாளைக்கு, பாய்."

"அப்ப நீங்கதான் கட்டணும். எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். பின்னாலேயே ராக்கம்மாள்: "போட்டி நடக்குதுல்ல, வேணாம்டி! நான் அரைச்சுக்குவேன்!"

"கைலாசபுரம் டவுன்ஷிப்புல உங்களுக்கு இதுதான் முதல் ஆர்டர். அம்மியோட மல்லுக்கட்டினா நாளைக்குச் சாதம் பத்து மணிக்குப் போய்ச் சேராது. அடுத்த ஆர்டர் வருமா? போய்ப் புளியக் கரைங்க."

எரிந்த கம்பியை அறுத்து எடுக்கும்போதே சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டார். பள்ளங்களைச் சுரண்டி, புதுக் காகிதம் செருகி, சுற்றத் தொடங்கினார். ஸ்பீக்கரை அணைக்கவில்லை. அணைத்தால் தாங்காது போலிருந்தது. ஐரோப்பா முழுவதும் வந்து போனது, ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அந்த ஒரு நீளமும், இரண்டு குறுக்கமும், ஒரு நீளமும். கேட்கக் கேட்க வருத்தம் குறைந்துகொண்டே வந்தது. நாலேகால் மணிக்குக் கம்பி முனைகளைப் பற்றவைத்து, வார்னிஷில் முக்கி, பெரிய பல்பு பொருத்திய பிஸ்கட் டின்னுக்குள் காய வைத்தார். காய இரண்டு மணி நேரம். அதில் அவசரம் ஆகாது. அந்த இரண்டு மணி நேரமும் சாவியில் உட்கார்ந்து எண்பத்தெட்டு பேரைப் பிடித்தார். ஷிப்ட் முடிந்து வந்த நல்லதம்பி டின்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ போடப் போனார்.

அந்த வருஷம் ஆயிரம் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். திங்கள் விடிகாலை முடிந்தபோது தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. அன்று காலையே அந்த நாலு நண்பர்களுக்கும் எழுதினார்: "அந்த வளையத்தைக் கழற்றிவிடுங்கள். தப்பு உங்கள் கையில் இல்லை. முதலில் பக்கத்து வீட்டில் யார் எத்தனை மணிக்கு அரைக்கிறார்கள் என்று விசாரியுங்கள்." பெங்களூர்க்காரர் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினார்.

ஆனால் சனிக்கிழமை மாலைக்கு வருவோம். ஆறரை மணிக்கு ஆர்மேச்சரை மோட்டாரில் பொருத்தினார். மோட்டாரில் உரசித் தேய்ந்த கார்பன் துண்டுகளை மாற்றினார். தீப்பொறி சத்தம் ரேடியோவுக்குப் போகாதபடி உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் வைத்துக் கட்டினார். நாலு வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை. கேட்கக் கூச்சப்பட்டதில் தள்ளிப்போனது. வாசலில் ராக்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மலர்க்கொடி மிக்ஸியை ஓடவிட்டு, ரேடியோவில் இரைச்சல் காட்டும் முள்ளைப் பார்த்தார். முள் அசையவில்லை. பிறகு குமிழை மறுபக்கம் திருப்பி, விட்டு விட்டு ஓட்டிப் பார்த்தார். கை பழக்கதோஷத்தில் தானாகவே போனது. ஒரு நீளம். இரண்டு குறுக்கம், ஒரு நீளம்.

"இது நீ மேல தட்டுறதுல்ல?" என்றார் ராக்கம்மாள். "கீழ படுத்துருக்கும்போது கேக்கும். எதைத் தட்டினாலும் கடைசியில இதான் வரும். என்னடி அர்த்தம்?"

மலர்க்கொடி குமிழை அணைத்தார். "நன்றின்னு அர்த்தம்க்கா."

"அடிப்பாவி. ஊர் ஒலகத்துக்கெல்லாம் சொல்லிட்டு, கீழ இருக்கிறவளுக்கு இன்னிக்குத்தான் சொல்றியா?"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

மிக்ஸியின் ஒயரைச் சுருட்டி ரப்பர் போட்டார். மேலே ஒட்டியிருந்த வார்னிஷ் துளியை நகத்தால் சுரண்டி எடுத்து, துணியால் ஒரு தடவை துடைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வேணாலும் அரைங்க. எட்டு மணிக்குக்கூட. ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்க."

"நிறுத்துறேன். நீ போய் உக்காரு, போ."

புளி வாசம் அடிக்கிற இரண்டு கைகளையும் ராக்கம்மாள் நீட்டினார். மலர்க்கொடி மிக்ஸியின் அடியைத் தாங்கிப் பிடித்து, கனம் முழுவதும் அந்தக் கைகளுக்குப் போனபின் விட்டார்.