அமாவாசையில் பார்த்த வீடு

அரக்கோணம் பக்கம் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவள் ஜெயம்மாள். இனிச் சத்தமில்லாத கிராமத்தில்தான் இருப்பேன் என்று மகனிடம் பிடிவாதம் பிடித்து, பள்ளிப்பட்டுப் பக்கம் தானே போய் ஒரு ஓட்டு வீட்டைப் பேசி முடித்தாள். அன்றைக்குத் தெருவில் காக்கை கரைவதைத் தவிர ஒரு சத்தமில்லை. ஆனால் அன்று அமாவாசை. நெசவுத் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டார்கள் என்பது திருத்தணியில் பிறந்தவளுக்குத் தெரியாததல்ல. வீடு பிடித்துப்போன சந்தோஷத்தில் மறந்துவிட்டாள்.

குடிவந்த காலையில் தெரு முழுக்க விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. சாமான் இறக்கிய மகன் தணிகைவேல் சிரித்துவிட்டான்.

"ரொம்ப அமைதியாத்தான் கீது. வண்டி நின்னுகினுதான் இருக்குது, ஏறும்மா. நம்ம வூட்டுக்கே போயிடலாம்."

"நீ வேணா ஏறிக்கோ. நான் வரல."

"இதுல எப்படிம்மா தூங்குவ?"

"கேட்டுல இருந்தவரைக்கும் மணி அடிச்சா நான்தான் எழுந்து ஓடி மூடணும். இங்க எவன் தறியோ, அவன் எழுந்து பாத்துக்கறான். எனக்கு இன்னாடா?"

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தாள். எதிர்வீட்டில் நூல் அறுந்து தறி சட்டென்று நின்றது. யாரோ எழுந்து ஓடினார்கள். ஜெயம்மாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துத் தூங்கிப்போனாள். தணிகைவேல் காலி வண்டியை அரக்கோணத்துக்குத் திருப்பினான்.