மாமா கழட்டி விட்ட கதை

இன்னிக்கு சிங்கப்பூர் பூன் லேயில், நண்பரோட பட்டறையில், மாமாவின் பழைய வேனிலிருந்து கியர் பாக்ஸைக் கழட்டினோம். தேக்கா மார்க்கெட்டுக்கு வாழை இலை ஏற்றிப்போகிற வேன். கியர் விழவே மாட்டேங்குது. பிரிச்சு, தேய்ஞ்சதை மாத்தி, மறுபடி மாட்டணும்.

இறக்கியதும் குடும்பக் குரூப்பில் ஒரு வரி போட்டேன்: "மாமா கழட்டி விட்டுட்டார். எத்தனை வருஷப் பழக்கம், பாவம்."

படம் போடவில்லை. வேணும்னுதான்.

மாமாவுக்கு நிச்சயமாகியிருக்கிற ரேகா அக்காவை அம்மா நேற்றே அந்தக் குரூப்பில் சேர்த்துட்டாங்களாம். எனக்குத் தெரியாது.

உடனே மாமாவுக்கு வீடியோ கால்.

"யாரைக் கழட்டி விட்டீங்க?"

மாமா என்னை முறைச்சார். கையெல்லாம் எண்ணெய்.

"ரேகா, கியர் பாக்ஸ்லா. சத்தியமா கியர் பாக்ஸ்." போனைத் திருப்பி, தரையில் கிடந்ததைக் காட்டினார்.

அப்புறம் அக்கா கேட்டாங்க: "சரி, திரும்ப மாட்டத் தெரியுமா?"

"மாட்டிக்கத்தான் தெரியும்."

அக்கா சிரிச்சுட்டாங்க. மாமாவுக்கு அப்பத்தான் மூச்சே வந்தது.

எனக்குத் தண்டனை, கியர் சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் பல் விளக்கி விடணுமாம். பழைய டூத் பிரஷ் வெச்சிருக்கிறவங்க கமெண்ட்டில் வாங்க.